முடிதிருத்தும் கடையில் ஒரு ஜெர்மன் வகுப்பு

நார்மண்டியில் லத்தீன் ஆசிரியராக இருந்த பிரான்சுவா குவேனுக்கு ஜெர்மன் கற்றே தீர வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது. தத்துவம் என்றால் ஜெர்மனி என்றிருந்த காலம். மூட்டை கட்டிக்கொண்டு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தார். போன மனிதர் தெருவில் இறங்கி நாலு பேரிடம் பேசிப் பார்த்திருக்கலாம். அவரோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இலக்கணப் புத்தகத்தைத் திறந்தார். லத்தீனையும் கிரேக்கத்தையும் அப்படித்தானே கற்றார்? பத்தே நாளில் இலக்கணம் முழுவதும், 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களின் அட்டவணையோடு சேர்த்து, மனப்பாடம். வெற்றிக் களிப்போடு நகரத்து உயர்கல்விக்கூடத்துக்குப் போய் ஒரு விரிவுரையில் உட்கார்ந்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

வேர்ச்சொல் தெரியாததுதான் குறை என்று நினைத்து எண்ணூறு வேர்ச்சொற்களை உருப்போட்டார். மறுபடியும் விரிவுரை, மறுபடியும் இருட்டு. கதேயையும் ஷில்லரையும் அகராதி துணையோடு வரிவரியாகப் பெயர்த்துப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பேச்சைக் காதில் வாங்கிப் பார்த்தார்; இடையிடையே தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றை எடுத்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாவம், மனம் நொந்து அறைக்கே திரும்பிவிட்டார். அடுத்து அவர் செய்த காரியம் மொழிக் கல்வியின் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது: முப்பதாயிரம் சொற்கள் கொண்ட ஜெர்மன் அகராதியை முப்பது நாளில் மனப்பாடம் செய்தார். முடித்துவிட்டு மறுபடியும் விரிவுரைக்குப் போனார். முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் திரும்பியபோது வீட்டில் ஓர் அதிசயம் காத்திருந்தது. அவர் புறப்படும்போது மழலைகூடச் சரியாக வராத மருமகப் பிள்ளை, மூன்று வயதுகூட நிரம்பாத பொடியன், பிரெஞ்சில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பையனை உற்றுப் பார்த்துப் பார்த்து குவேன் ஒரு கற்பித்தல் முறையையே வகுத்தார். 1880இல் அது புத்தகமாக வந்தது. தான் பட்ட அவமானத்தை ஒளிக்காமல் எழுதிய அந்த நேர்மைக்காகவே அவரை மன்னித்துவிடலாம். உண்மையில், மன்னிக்க அவரிடம் தனிப்பட்ட குற்றம் ஒன்றும் இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அன்று நினைத்திருந்ததைத்தான் அவர் ஒழுங்காகச் செய்தார். மொழி என்பது புத்தகத்துக்குள் இருக்கிறது. வாய்க்குள் இருப்பது கொச்சை.

இன்று பிரிட்டனில் நவீன மொழிகள் படிக்கும் மாணவரின் பட்டப்படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். அதில் மூன்றாம் ஆண்டு, அந்த மொழி பேசப்படும் நாட்டில் கழிகிறது. ‘இயர் அப்ராட்’ என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர் உண்டு, ஸ்பெயினில் பல்கலைக்கழகத்தில் சேருபவர் உண்டு, ஜெர்மன் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவரும் உண்டு. அந்தப் படிப்பின் மிக இயல்பான பகுதியாக இப்போது தோன்றுகிற இந்த ஏற்பாடு, பல்கலைக்கழகங்களின் மூளையில் உதித்ததல்ல. வணிகர்களும் அரசர்களும் பாதிரிகளும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டதை, பல்கலைக்கழகம் வெகுகாலம் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

வெனிஸ் குடியரசு 1551இலேயே கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த தன் தூதரகத்துக்குச் சிறுவர்களை அனுப்பத் தீர்மானித்தது. ‘மொழிப் பிள்ளைகள்’ என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். காரணம் எளிது. சுல்தானுடன் பேரம் பேசும்போது உள்ளூர் துபாஷியை எந்த அளவுக்கு நம்புவது? அவர் சுல்தானின் குடிமகன். நாளைக்கும் அதே ஊரில் இருந்தாக வேண்டியவர். பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் 1669இல் அதையே செய்தார். பையன்கள் கான்ஸ்டான்டிநோபிளிலும் இஸ்மிரிலும் கப்புச்சின் துறவியரின் மடங்களில் தங்கித் துருக்கி மொழி கற்றார்கள். இவர்களில் யாருக்கும் பட்டமில்லை, தேர்வுத்தாள் இல்லை. சரக்குக் கப்பல் தப்பிக்கிறதா, ஒப்பந்தம் நிலைக்கிறதா என்பதுதான் தேர்வு.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1706 ஜூலை 9ஆம் தேதி டேனியர்களின் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, தமிழ் கற்க ஒரு வழி கண்டுபிடித்தார். வயதான ஓர் உபாத்தியாயரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தானும் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். ஹாம்பர்க்கில் குவேனுக்குத் தோன்றாதது, அவருக்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே ஒரு திண்ணையில் நடந்து முடிந்திருந்தது. இன்னும் சுவையான பகுதி அடுத்தது. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். ஹாலே நகரில் தமிழ் இலக்கண நூலை முடித்து அச்சேற்றும் பணியில் மலையப்பன் துணை நின்றார். நூல் 1716இல் வெளிவந்தது. அயல்நாட்டுக் கல்விக்கூடத்தில் தாய்மொழி பேசிக் காட்டுவதற்கென்றே ஒருவரை வைத்துக்கொள்ளும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடி தேடுகிறவர்கள், அந்தப் பட்டியலில் மலையப்பன் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நூலை எந்த மொழியில் எழுதினார்கள்? லத்தீனில். புத்தகமென்று வந்துவிட்டால் பழைய பழக்கம் விடாது.

சென்னையில் 1812இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் உருவாக்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, நம்மவர்கள் வாயில் கல்விச் சங்கம், இதே கதையின் இன்னொரு அத்தியாயம். கப்பலில் வந்து இறங்கிய இளம் கம்பெனி அதிகாரிகள் அங்கே தமிழும் தெலுங்கும் கற்றார்கள். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் கற்பித்தார்கள். அவர் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை அச்சானது 1826இல். தமிழ் உரைநடையின் தொடக்க வரலாற்றில் அதற்கு இடமுண்டு. வெள்ளைக்கார மாணவர்களின் கையில் கொடுக்க எளிய உரைநடை வேண்டியிருந்தது என்பதும் அந்த வரலாற்றில் சேரும். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் 1816இல் எழுதிய குறிப்பும் இந்தக் கல்லூரிச் சூழலில் பிறந்ததுதான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

வணிகமும் ஆட்சியும் மதமும் இப்படி ஆளைக் கடல் கடத்திக் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் என்ன செய்தன? முதலாம் ஜார்ஜ் மன்னர் 1724இல் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் நவீன வரலாற்றுக்குப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். அயல்மொழி சொல்லிக்கொடுக்க ஆட்களை நியமிப்பதும் அந்தப் பேராசிரியர்களின் கடமை. தூதுவர் வேலைக்குத் தகுதியான இளைஞர்கள் வேண்டும் என்பது நோக்கம். திட்டம் பெரும்பாலும் காகிதத்தில் நின்றது. கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லர் 1788இல் இறந்தபோது ஆக்ஸ்ஃபோர்டில் ஐரோப்பிய மொழிகள் கற்பிக்கச் சொத்து எழுதி வைத்தார். அந்தப் பணத்தில் டெய்லர் நிறுவனத்தின் கட்டடம் எழுவதற்குள் 1840கள் வந்துவிட்டன. அங்கே நவீன ஐரோப்பிய மொழிகளின் பேராசிரியராக 1854இல் அமர்ந்தவர் யார் தெரியுமா? மாக்ஸ் முல்லர். ரிக்வேதப் பதிப்பாசிரியர் என்று இந்தியா முழுவதும் அறிந்த மனிதரை ‘நவீன மொழி’ நாற்காலியில் உட்காரவைத்ததே அன்றைய மனப்போக்குக்குச் சாட்சி. மொழி மதிக்கத்தக்கதாக இருக்க வேண்டுமானால் அது முதலில் பழையதாக இருக்க வேண்டும்.

மாணவர் வெளிநாடு போகாவிட்டால் என்ன, வெளிநாடு மாணவரிடம் வந்தது. அகதியாக.

1828இல் வகுப்புகளைத் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகத்தில் இத்தாலியப் பேராசிரியர் அந்தோனியோ பனிட்ஸி. மோதனா அரசுக்கு எதிரான சதியில் சிக்கி ஊரைவிட்டு ஓடியவர். ஆள் இல்லாமலேயே மரண தண்டனை விதித்த அரசு, அந்தத் தண்டனைக்கு ஆன செலவுக் கணக்கையும் அவருக்கு அனுப்பி வைத்தது. லிவர்பூலில் வீடு வீடாக இத்தாலியம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர், லண்டனில் பேராசிரியரானபோது வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மாணவர்கள். அதனால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனார்; அதன் நூலகத்தின் பெயர்பெற்ற வட்ட வாசக சாலை அவர் கற்பனை. பக்கத்துக் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலியம் கற்பித்த காப்ரியேலே ரொசெட்டியும் நேப்பிள்ஸிலிருந்து தப்பி வந்தவர். கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டியின் தந்தை. ஐரோப்பாவில் ஒரு புரட்சி தோற்றால் லண்டனில் ஒரு மொழி வகுப்பு கூடும் என்கிற நிலை.

அட்லாண்டிக்கின் மறுபக்கம் இன்னும் விசித்திரம். மெய்ன் மாநிலத்து போடன் கல்லூரி, தன்னிடம் படித்து 1825இல் தேறிய ஒரு பையனிடம் நவீன மொழிகளின் பேராசிரியர் பதவியைக் காட்டியது. அவனுக்கு அந்த மொழிகள் சரிவரத் தெரியாது. தெரிந்துகொண்டு வா என்றார்கள். பத்தொன்பது வயதில் கப்பல் ஏறிய ஹென்றி லாங்ஃபெலோ, பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி என்று மூன்று ஆண்டு சுற்றிவிட்டு 1829இல் திரும்பினார். பாடப்புத்தகம் இல்லாததால் அதையும் அவரே தயாரித்தார். பின்னாளில் ஹார்வர்டு அழைத்தபோது மறுபடி ஐரோப்பா. அந்தப் பயணத்தில், 1835இல், ரோட்டர்டாமில் இளம் மனைவியைப் பறிகொடுத்தார். அமெரிக்காவின் மிகப் பிரபலமான கவிஞராக அவர் பெயர் பெற்றது அதற்குப் பிறகு. ஆசிரியர் போய்க் கற்று வருவார், மாணவர் அவரிடம் உட்கார்ந்து கற்பார் என்பதுதான் அப்போதைய கணக்கு. மாணவரையே அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கேம்பிரிட்ஜ் 1884இல் நவீன மொழிகளுக்குத் தனிப் பட்டத் தேர்வை ஒப்புக்கொண்டது. முதல் தேர்வு 1886இல். பயண வழிகாட்டிகளுக்கும் ஹோட்டல் சிப்பந்திகளுக்குமான படிப்பு என்று எதிர்த்தவர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தோ என்னவோ, வினாத்தாளில் பழைய பிரெஞ்சும் ஒலி மாற்ற விதிகளும் நிறைந்திருந்தன. பேச்சுத் தேர்வு தொடக்கத்தில் கிடையாது. பிறகு வந்தபோதும் விரும்பியவர் பங்கேற்கலாம் என்ற அளவில்தான். பிரெஞ்சில் முதல் வகுப்பு வாங்கியவர் பாரிஸில் ஒரு காபி கேட்டு வாங்க முடிய வேண்டும் என்று பல்கலைக்கழகம் எதிர்பார்க்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு இன்னும் பிடிவாதம்: 1887இல் வந்த தீர்மானத்தைத் தோற்கடித்துவிட்டு, 1903இல்தான் வழிவிட்டது.

இந்த அலட்சியத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஆண்களின் கோட்டையான லத்தீனும் கிரேக்கமும் பெண்களுக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை. வீட்டில் பிரெஞ்சு ஆசிரியை வைத்துக் கற்ற பிரெஞ்சு கிடைத்தது. கிர்ட்டன், நியூன்ஹாம் கல்லூரிப் பெண்கள் புதிய தேர்வுக்குத் திரண்டு வந்தார்கள். தேறினார்கள். பட்டம்? கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல்.

இதற்கிடையில் பள்ளிக்கூடங்களில் ஒரு கலகம் மூண்டிருந்தது. ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஃபியட்டர் 1882இல் புனைபெயரில் ஒரு துண்டுநூல் வெளியிட்டு, மொழிப்பாடம் தலைகீழாகத் திரும்ப வேண்டும் என்று முழங்கினார். பாரிஸில் பால் பாஸி 1886இல் சேர்த்த ஆசிரியர் சங்கம்தான் பின்னாளில் உலக ஒலிப்பியல் கழகமாக வளர்ந்தது. அகராதிகளில் உச்சரிப்பைக் காட்டும் குறிகள் அவர்கள் உபயம். முதலில் காது, பிறகு வாய், அதன் பிறகே புத்தகம் என்பது கட்சியின் கொள்கை. கொள்கை சரி. ஆனால் கற்பிக்கிற ஆசிரியருக்கே அந்த உச்சரிப்பு வராவிட்டால்?

அதற்கு விடையாக வந்ததுதான் அசிஸ்டென்ட் என்கிற பதவி. 1904இல் பிரிட்டனும் பிரான்ஸும் பழம்பகை மறந்து நட்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதையொட்டி, 1904, 1905 ஆண்டுகளில், இரு நாட்டுக் கல்வித் துறைகளும் இளைஞர்களை மாற்றிக்கொள்ள இசைந்தன. பிரஷ்யாவோடும் அப்படியோர் ஏற்பாடு வந்தது. அசிஸ்டென்ட் என்பவர் ஆசிரியரல்ல. தேர்வுத்தாள் திருத்த மாட்டார், மதிப்பெண் போட மாட்டார். வாரத்துக்குப் பன்னிரண்டு மணிநேரம்போலப் பிள்ளைகளோடு தன் தாய்மொழியில் பேசிக்கொண்டிருப்பார். மீதி நேரம் அவருடையது. அந்த மீதி நேரத்தில்தான் அவர் மொழி கற்கிறார். செலவில்லாமல் இரண்டு நாட்டுக்கும் லாபம். பிரிட்டிஷ் கவுன்சில் இன்றைக்கும் அந்தத் திட்டத்தை நடத்துகிறது.

பத்தாண்டு கழியவில்லை, போர் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் ஜான் மாஸ்டர்மேன் 1914இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். ஆகஸ்ட் மாதம் அவர் விரிவுரையாளர் அல்ல, எதிரி நாட்டவர். பெர்லினுக்கு வெளியே ரூலேபன் குதிரைப் பந்தய மைதானத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். குதிரை லாயங்களே விடுதி. மாலுமிகள், ஜாக்கிகள், இசைக் கலைஞர்கள், மாணவர்கள் என்று கலவையான கூட்டம். பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக் அவர்களில் ஒருவர். நேரம் போக வேண்டுமே! முகாமுக்குள்ளே பள்ளிக்கூடம் தொடங்கி ஒருவருக்கொருவர் மொழிகள் கற்பித்துக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய மாஸ்டர்மேனின் வெளிநாட்டு வாசம் நான்கு ஆண்டுக்கும் மேல் நீண்டது. இரண்டாம் போரில் அந்த ஜெர்மன் அறிவுக்கு வேலை வந்தது: பிடிபட்ட ஜெர்மன் உளவாளிகளை வளைத்துப்போட்டு ஹிட்லருக்கே பொய்ச் செய்தி அனுப்பவைத்த குழுவின் தலைவர் அவர்தான். கைதியாக வைத்துப் பாடம் சொன்னதற்கு ஜெர்மனி கொடுத்த கட்டணம் கொஞ்சமல்ல.

போர்க்காலத்தில் அரசு அமைத்த ஒரு குழு, அண்டை நாடுகளைப் பற்றிப் பிரிட்டன் எவ்வளவு அறியாமல் இருக்கிறது என்பதை 1918இல் அறிக்கையாகவே எழுதிக் கொடுத்தது. மொழிப் படிப்பின் மதிப்பு உயர்ந்தது. ஜெர்மன் மட்டும் வெகுநாள் தலைகுனிந்து நின்றது.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்தப் பரிமாற்றத்தின் ஓர் உதாரணம் இலக்கியத்தையே மாற்றியது. பாரிஸின் எகோல் நோர்மால் சுப்பீரியர் கல்லூரியும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் ஆளுக்கு ஒருவரை மாற்றிக்கொள்ளும் வழக்கம் வைத்திருந்தன. 1926இல் டப்ளினுக்கு வந்தவர் ஆல்ஃப்ரெட் பெரோன் என்ற பிரெஞ்சுக்காரர். அங்கே பிரெஞ்சும் இத்தாலியமும் படித்துக்கொண்டிருந்த, அதிகம் பேசாத ஒரு மாணவரோடு சிநேகமானார். அந்த மாணவர் சாமுவேல் பெக்கெட். 1928 நவம்பரில் பெக்கெட்டின் முறை. பாரிஸ் போய் இறங்கினார். இரண்டு ஆண்டு வேலை. மாணவர்களோ மிகக் குறைவு, கடமையும் அப்படியே. நேரம் கொட்டிக் கிடந்தது. அவருக்கு முன் அதே பதவியில் இருந்த தாமஸ் மக்கிரீவி அவரை ஜேம்ஸ் ஜாய்ஸிடம் அழைத்துப் போனார். பிறகு நடந்தது உலகம் அறிந்தது.

உலகம் அவ்வளவாக அறியாதது பெரோனின் கதை. ஜாய்ஸின் எழுத்தை பிரெஞ்சில் கொண்டுவரும் முயற்சியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தபோது பெக்கெட்டைத் தலைமறைவு எதிர்ப்புக் குழுவில் சேர்த்தவர் பெரோன். செய்திகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்துவது பெக்கெட்டின் வேலை, அதாவது பழைய மொழிபெயர்ப்பு வேலையேதான். 1942 ஆகஸ்டில் பெரோன் பிடிபட்டார். பெக்கெட்டும் அவர் துணைவி சுசானும் தப்பித் தெற்கே ஒரு மலைக் கிராமத்தில் ஒளிந்தார்கள். மௌத்ஹவுசன் வதைமுகாமிலிருந்து 1945இல் விடுவிக்கப்பட்ட பெரோன் வீடு வந்து சேரவில்லை, வழியிலேயே இறந்தார். போருக்குப் பிறகு பெக்கெட் எழுதிய பெரும்படைப்புகள் பிரெஞ்சில் எழுந்தன. கோடோ நாடகம் உட்பட.

மாணவர்களைக் கூட்டமாக அனுப்பலாம் என்ற யோசனையை நடத்திக் காட்டியது அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம். முதல் உலகப்போரில் பிரான்ஸில் பணியாற்றித் திரும்பிய இளம் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட் அதை முன்வைத்தார். தலைவர் ஹல்லிஹனுக்குப் பிடித்தது. பல்கலைக்கழகப் பணம் பெயரவில்லை என்றதும் தொழிலதிபர் பியேர் து போன் போன்றவர்களிடம் கை நீட்டினார். 1923 ஜூலை 7ஆம் தேதி எட்டு மாணவர்கள் கப்பல் ஏறினார்கள். கோடையில் நான்ஸி நகரத்தில் மொழிப் பயிற்சி, பிறகு பாரிஸில் சொர்போன். முக்கியமான விதி ஒன்று: அங்கே படித்தது இங்கே பட்டத்தில் கணக்காகும். அதுவரை வெளிநாட்டு வாசம் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளையின் ஊர்சுற்றல். இப்போது அது மூன்றாம் ஆண்டுப் பாடம். 1925இல் ஸ்மித் மகளிர் கல்லூரியும் தன் பெண்களைப் பாரிஸுக்கு அனுப்பியது.

ஸ்மித் கல்லூரியின் அந்தத் திட்டத்தில் 1949இல் போனவர்களில் வாசர் கல்லூரி மாணவி ஜாக்லின் பூவியேயும் ஒருவர். முதலில் கிரெனோபிள், பிறகு பாரிஸில் சீமாட்டி து ரெந்தியின் வீடு. பிரபுக் குடும்பம்தான், ஆனால் போர் உறிஞ்சிவிட்ட குடும்பம். கணவனும் மனைவியும் எதிர்ப்பியக்கத்தில் இருந்து பிடிபட்டவர்கள். கணவர் முகாமில் இறந்தார். மனைவி ராவன்ஸ்புருக் முகாமிலிருந்து உயிரோடு மீண்டு, வாடகைக்கு மாணவிகளை வைத்துக் குடும்பம் நடத்தினார். குளிர்காலத்தில் வீடு நடுங்கும். ஏழு பேருக்கு ஒரே குளியலறை. காபிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் அட்டை. பின்னாளில் கென்னடியின் மனைவியாக 1961இல் பாரிஸுக்கு வந்து தெ கோலிடம் சரளமாகப் பேசிய பிரெஞ்சு, பளபளப்பான வரவேற்பறைகளில் மட்டும் விளைந்ததல்ல.

பதினான்கு ஆண்டு கழித்து இன்னொரு மாணவி. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் படித்த ஆஞ்சலா டேவிஸ், 1963 செப்டம்பரில் பியாரிட்ஸ் என்ற கடற்கரை ஊரில் சக மாணவர்களோடு நடந்துகொண்டிருந்தார். கையில் வாங்கிய செய்தித்தாளில் அவருடைய சொந்த ஊரான பர்மிங்காமின் பெயர். தேவாலயத்தில் குண்டு வைத்ததில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்திருந்தார்கள். அவர்களின் குடும்பங்களை அவருக்குத் தெரியும். உடனிருந்த வெள்ளை மாணவர்கள் ஆறுதலாக ஏதோ சொன்னார்கள். அவர்களுக்கு அது செய்தி, இவருக்கு அண்டை வீடு. வெளிநாடு போனால் அந்நியரைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். கூடவே வந்தவர்கள் எவ்வளவு அந்நியர் என்பதும் சில சமயம் அங்கேதான் தெரிகிறது.

பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு வெளிநாடு என்பது, சிலர் விரும்பிச் செய்துகொண்ட ஏற்பாடாக இருந்து, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில்தான் பெரும்பாலான மொழித் துறைகளின் விதியாகப் படிந்தது. பல்கலைக்கழகம் அதில் செய்தது குறைவு. ஊர் ஒதுக்கியது கல்வி அமைச்சகம். வீடு பார்த்துக்கொண்டது மாணவர். பாரிஸ் கேட்டவருக்கு மலையடிவாரச் சிற்றூர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்கும். வீட்டுக்காரம்மா வெந்நீருக்குக் கணக்குப் பார்ப்பார். கடிதம் வர நாளாகும். இலக்கிய வகுப்பில் ரஸீனின் நாடகத்தைப் பிரித்து மேய்ந்தவர், தபால் நிலையத்துச் சாளரத்தின் முன் தடுமாறி நிற்பார். குவேன் பட்ட அதே பாடுதான். ஆனால் இந்த முறை அறைக்குத் திரும்பி அகராதியை மனப்பாடம் செய்தால் சம்பளம் கிடைக்காது. திங்கட்கிழமை காலை வகுப்பில் நாற்பது பிள்ளைகள் காத்திருப்பார்கள். 1980களில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் செவ்வியலும் படித்த ஜே. கே. ரௌலிங்கும் இப்படி ஓராண்டு பாரிஸில் ஆங்கிலம் கற்பித்தவர்தான்.

போக முடியாத நாடும் உண்டு. பனிப்போர் காலத்தில் ரஷ்யன் தெரிந்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். மாஸ்கோவுக்கு அவர்களை யார் அனுப்புவது? 1951 தொடங்கி 1960 வரை, கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞர்களில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கி, பாட்மின் போன்ற ஊர்களின் ராணுவக் கொட்டகைகளில் ரஷ்யன் புகட்டினார்கள். நாடகாசிரியர்கள் ஆலன் பென்னெட்டும் மைக்கேல் ஃப்ரேனும் அந்தப் பள்ளியில் தேறியவர்கள். கற்பித்தவர்கள் யார்? புரட்சியிலும் போரிலும் தப்பி வந்த ரஷ்யர்கள். பனிட்ஸியின் காலம் திரும்பி வந்ததுபோல.

கடைசி அத்தியாயம் ஓர் அவமானத்தில் தொடங்குகிறது. இத்தாலிய சட்ட மாணவி சோஃபியா கொராதி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு 1958இல் ரோம் திரும்பினார். அங்கே படித்ததை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தார். அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேவலப்படுத்தி அனுப்பினார்கள். ஊர்சுற்றிவிட்டு வந்து பட்டம் கேட்கிறாயா என்கிற தொனி. அந்தக் கோபத்தை அவர் ஆறவிடவில்லை. பல்கலைக்கழகத் தலைவர்கள் சங்கம், அமைச்சகம், மாநாடு என்று பல பத்தாண்டுகள் கதவு தட்டினார். 1987இல் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். டெலவேர் 1923இல் எட்டு பேருக்குச் செய்ததை ஐரோப்பா தனக்கே சட்டமாக எழுதிக்கொண்டது. இத்தாலியப் பத்திரிகைகள் கொராதியை ‘அம்மா எராஸ்மஸ்’ என்று அழைத்தன.

திட்டம் மொழி மாணவர்களோடு நிற்கவில்லை. பொறியியல், மருத்துவம், சட்டம் எல்லாம் உள்ளே வந்தன. கூட்டம் பெருகப் பெருக ஒரு வேடிக்கை நடந்தது. பல நாட்டு மாணவர்கள் ஒரே வீட்டில் குடியேறினால் அவர்களுக்குள் என்ன மொழி பேசுவார்கள்? ஆங்கிலம். வகுப்புகளும் நெதர்லாந்தில் தொடங்கி ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறின. பிறகு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியபோது இந்தத் திட்டத்தையும் கைவிட்டது. 2021இல் சொந்தமாக டூரிங் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அது மாணவர்களை வெளியே அனுப்பும். வெளியிலிருந்து யாரையும் அழைத்து வராது. 1904இன் கொடுக்கல் வாங்கலில் வாங்கல் மட்டும் போயிற்று. 2027இலிருந்து பழைய திட்டத்திலேயே மீண்டும் சேர்வதென்று 2025 டிசம்பரில் உடன்பாடானது.

பெயர் வைத்தவர்கள் இரண்டு தடவையும் எதை நினைத்துக்கொண்டு வைத்தார்களோ. ஆலன் டூரிங் 1936இலிருந்து 1938வரை பிரின்ஸ்டனில் படித்தார், கணிதம், அதுவும் ஆங்கிலத்தில். எராஸ்மஸ் 1511இலிருந்து 1514வரை கேம்பிரிட்ஜில் குயின்ஸ் கல்லூரியில் தங்கிக் கிரேக்கம் கற்பித்தார். ஊரார் மொழியான ஆங்கிலத்தைக் கற்க அவர் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. அந்த ஊரின் பீர் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். லத்தீனில்.